ஓலை மேல பழியைப் போடாதீங்க

முடுக்கு (பாளையங்கோட்டை), ஞாயிறு காலை 7:12

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாசம் தவறாம இது சுத்தி வருது: "தமிழ் எழுத்து ஏன் வளைவு வளைவா இருக்கு தெரியுமா? பனையோலையில நேர்கோடு கீறினா ஓலை கிழிஞ்சிரும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல!" கீழ வரிசையா கும்பிடுத கைகள். அனுப்புதது பெரியப்பா, எதிர்த்துப் பேச முடியாது. அதனால இங்க வந்து கொட்டுதேன்.

நான் கேக்கது ரெண்டே ரெண்டு. ட-ன்னு ஒரு எழுத்து இருக்கு. அதுல வளைவு எங்க இருக்கு? மேலேருந்து ஒரு கோடு, கீழ ஒரு கோடு, சோலி முடிஞ்சுது. ப-வும் அப்படித்தான். நேர்கோடு போட்டா ஓலை கிழியும்னா 'பட்டம்'னு ஒருத்தனும் எழுதியிருக்க முடியாது.

அடுத்தது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம விட்டதுக்கும் ஓலையைத்தான் காரணம் சொல்லுதாங்க. புள்ளி குத்துனா ஓட்டை விழுந்துருமாம். சரி, நம்ம பக்கத்துக் கோயில் சுவர்ல இருக்க கல்வெட்டுகளைப் போய்ப் பாருங்க. அங்கயும் பெரும்பாலும் புள்ளி கெடையாது. கல்லுல புள்ளி வச்சா கல்லு கிழியுமா?

பனைக்கு வாயில்லைங்கிறதுக்காக எல்லாத்தையும் அது தலையில கட்டலாமா? வெவரம் தெரிஞ்சவங்க வாங்க.

வடலி (உடன்குடி), ஞாயிறு காலை 8:40

அண்ணாச்சி, ஓலை கிழியும்ங்கது பொய்யில்ல. எந்தப் பக்கமா கிழியும்ங்கதுதான் குரூப்காரங்களுக்குத் தெரியாது.

ஓலையில நரம்பு நீளவாக்குல ஓடுது, ஈர்க்கு ஓடுத அதே திசையில. குறுக்க கீறுனா நரம்பைத்தான் அறுக்கும், பிளக்காது. நீளவாக்குல அழுத்திக் கீறுனா நரம்போட சேந்து வாய் விட்டுரும். ஓலையில எழுதுததும் நீளவாக்குலதானே? அப்போ உங்க ட-வோட நட்டக்குத்துக் கோட்டுக்கு ஒரு பயமும் இல்ல. கீழ இருக்க படுக்கைக் கோடுதான் வில்லங்கம். அதுவும் இம்புட்டுத் துண்டுக் கோடு, மேலாக இழுத்தா ஒண்ணும் ஆவாது.

இன்னொன்னு. மரத்துலேருந்து வெட்டுன ஓலையில யாரும் நேரா எழுதுததில்ல. குருத்தோலை ஆவாது, காவோலையும் ஆவாது, ரெண்டுக்கும் நடுப்பட்டதா எடுக்கணும். ஈர்க்கைக் கழிச்சு, காயவச்சு, தண்ணியில வேகவச்சு, மறுபடி நெழல்ல காயவச்சு, சங்கு இல்லன்னா வழுவழுப்பான கல்லால தேச்சு எடுப்பாங்க. இத்தனையும் பண்ணுன ஓலை, கோடு போட்டதும் கிழியுத அளவுக்குப் பூஞ்சையா இருக்காது. எங்க வீட்டுல ஏறுத தொழில் தாத்தாவோட நின்னுபோச்சு. ஆனா ஓலை முடையுத வேலை இன்னும் நடக்கு. முடையும்போது கிழியுதது எல்லாம் காஞ்சு முறுகுன ஓலைதான்.

சாரல் (தென்காசி), ஞாயிறு காலை 9:05

ஒரேடியா ஓலைக்கு விடுதலை குடுத்துராதீங்க முடுக்கு அண்ணாச்சி. பர்மாவைப் பாருங்க. பகான் காலத்துக் கல்வெட்டுல பர்மிய எழுத்து சதுரம் சதுரமா இருக்கு. பிற்காலத்துல ஓலையில எழுதி எழுதி இன்னைக்குப் பூரா வட்டமாயிட்டுது. சிங்களமும் சுழிச்சுச் சுழிச்சுத்தான் போகுது. ஒடியாவில, வடக்கத்தி எழுத்துக்கு மேல நிக்க தலைக்கோடே வில்லா வளைஞ்சுபோச்சு. ஓலையில கீறி எழுதுன இத்தனை ஊர்லயும் ஒரே கதை நடந்திருக்கு. அப்புறம் ஓலைக்கு இதுல பங்கே இல்லைன்னா எப்படி?

தேரடி (ஆழ்வார்திருநகரி), ஞாயிறு காலை 10:30

சாரல் தம்பி 'கீறி எழுதுன' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

வங்காளம், பீகார், நேபாளம் பக்கமும் ஓலைச்சுவடிகள் உண்டு. நேபாளத்துக் குளிரில் ஆயிரம் ஆண்டுப் பழைய சுவடிகள்கூடப் பிழைத்துக் கிடக்கின்றன. அந்த எழுத்துகளில் தலைக்கோடு நேராக, மூலைகள் மூலைகளாகவே இருக்கும். ஓலை கிழியவில்லை. ஏனென்றால் அவர்கள் கீறவில்லை. நாணல் பேனாவை மையில் தொட்டு ஓலைமேல் எழுதினார்கள். நாம்தான் இரும்பு எழுத்தாணியால் கீறிவிட்டு, பிறகு கரியும் பச்சிலைச் சாறும் தடவி எழுத்தைக் கறுப்பாக்கினோம். ஆகவே வழக்கு போடுவதென்றால் எழுத்தாணி மேல் போடுங்கள்.

எழுத்தாணி பிடிக்கும் விதமும் வேறு. பேனாவைப்போல வலது கை தாள்மேல் ஊர்ந்து போகாது. ஓலையை இடது கையில் ஏந்தி, இடது பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை வடிவில் ஒரு வெட்டு வைத்திருப்பார்கள். எழுத்தாணி அந்த வெட்டில் ஊன்றி நிற்கும். நுனி அதிகம் அலையாது, ஓலைதான் நகரும். அந்த நிலையில் சுழித்து எழுதுவது கைக்குச் சுலபம், எடுத்து எடுத்து வைத்துக் கோடு போடுவது சிரமம். என் வகுப்பில் பிள்ளைகளிடம் காம்பசின் கூர்முனையையும் ஓர் ஓலைத் துண்டையும் கொடுத்து அவரவர் பெயரை எழுதச் சொல்வேன். எல்லார் கையெழுத்தும் ஐந்தே நிமிடத்தில் உருண்டைக்கு வந்துவிடும்.

புள்ளிக்கு வருகிறேன். மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அடுத்த நூற்பாவே எகர ஒகரத்துக்கும் அதே புள்ளி என்கிறது. அதாவது குறில் எ, ஒ இரண்டுக்கும் தலையில் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. விதி இருந்தது, எழுதியவர்கள் வைக்கவில்லை. தமிழ் தெரிந்தவனுக்கு மெய் எங்கே வரும் என்று காதே சொல்லிவிடும். வைக்காமலே படிக்க முடிகிறதை எதற்கு வைப்பானேன் என்று விட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்று செல்போனில் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும்போது ழ, ள, ல மூன்றுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டுப் போகவில்லையா?

முடுக்கு, ஞாயிறு காலை 10:41

டீச்சரக்கா, இதை அப்படியே பெரியப்பாவுக்கு அனுப்பவா?

தேரடி, ஞாயிறு காலை 10:44

என் பெயர் போடாமல் அனுப்புங்கள். அவர் எனக்கும் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவர்.

குளத்தாங்கரை (நாங்குநேரி), ஞாயிறு மதியம் 1:15

சோத்துக்கு முன்னால ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வாரேன்.

சீவலப்பேரிக்குப் பக்கத்துல மறுகால்தலைன்னு ஒரு ஊரு. அங்க பாறைக்குடைவுக்குள்ள சமணர் படுக்கையும், மேல தமிழ்ப் பிராமியில ஒரு வரிக் கல்வெட்டும் இருக்கு. கல்லுப் படுக்கை வெட்டிக் குடுத்த வெண்காசிபன்ங்கிறவரோட பேரு அதுல வருது. வெயில் சாயுத நேரமா போய்ப் பாத்தா வெட்டுன பள்ளத்துல நெழல் விழுந்து எழுத்து துலக்கமாத் தெரியும். பூரா குச்சி. அந்தக் காலத்து க-ங்கிறது ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான்.

அடுத்து அம்பாசமுத்திரம் வாங்க. ஒன்பதாம் நூற்றாண்டு வரகுணபாண்டியன் கல்வெட்டு. வட்டெழுத்து, பேருக்கு ஏத்த மாதிரியே சுழிச்சுச் சுழிச்சுப் போகும். ரெண்டுக்கும் நடுவுல பல நூறு வருசம் கையில எழுதி எழுதித்தான் குச்சி வட்டமாயிருக்கு. அதுக்கு ஓலையும் எழுத்தாணியும் காரணம்னா நானும் ஒத்துக்கிடுதேன்.

ஆனா கதை அதோட நிக்கலையே. ராசராசன் காலத்துல சோழங்க பாண்டிய நாட்டைப் பிடிச்சாங்க. கூடவே அவங்க ஊரு எழுத்தும் வந்துது. நம்ம பக்கம் வட்டெழுத்து கொஞ்சம் கொஞ்சமா வழக்கொழிஞ்சுது, மலைக்கு அந்தப்புறம் கேரளத்துல மட்டும் இன்னும் பல நூறு வருசம் ஓடுச்சு. இன்னைக்கு நீங்களும் நானும் எழுதுதது அந்தச் சோழ நாட்டு எழுத்தோட வாரிசு. நல்லா உருண்டையா இருந்த எழுத்து தோத்து, அதைவிட மூலையும் கோடும் உள்ள எழுத்து செயிச்சிருக்கு. அப்பவும் இதே ஓலை, இதே எழுத்தாணிதான். ஓலைதான் தீர்ப்பு சொல்லுச்சுன்னா இது நடந்திருக்கவே கூடாது. தீர்ப்பு சொன்னது தஞ்சாவூர்க் கணக்கப்பிள்ளைங்க.

சாரல், ஞாயிறு மதியம் 1:32

இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல. பர்மாவை மட்டும் நான் வச்சுக்கிடுதேன்.

கடலோரம் (புன்னைக்காயல்), ஞாயிறு மாலை 4:20

எங்க ஊரைச் சொல்லாம இந்தப் பேச்சை முடிச்சிருவீங்களோன்னு பாத்துட்டு இருந்தேன்.

ஆறு கடல்ல சேருத எடம் எங்க ஊரு. போர்ச்சுக்கல்லேருந்து வந்த பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இங்க இருந்துதான் தமிழ் படிச்சாரு, எழுதினாரு. அவரோட தம்பிரான் வணக்கம்ங்கிற ஜெபப் புத்தகம் 1578-ல கொல்லத்துல அச்சாச்சு, மொத்தம் 16 பக்கம். 1586-ல அடியார் வரலாறு புன்னைக்காயல்லயே அச்சாச்சு. சென்னையில அச்சுக்கூடம் வாரதுக்கு எவ்வளவோ காலம் முன்னால, ஆத்து முகத்துவாரத்துல ஒரு மீன்பிடி ஊர்ல தமிழ் எழுத்தை ஈயத்துல வார்த்து அடிச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துல எனக்கு இதை யாரும் சொல்லித்தரல.

இப்ப முடுக்கு அண்ணாச்சிக்கு ஒரு அல்வாத் துண்டு. அந்த அச்சுப் புத்தகங்கள்லயும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கெடையாது. எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் கெடையாது. காகிதம், மை, ஈய எழுத்து எல்லாம் புதுசு. ஓட்டை விழும்ங்கிற பயமே இல்ல. ஆனாலும் வைக்கல, ஓலையில எப்படிப் பாத்தாங்களோ அப்படியே வார்த்துட்டாங்க.

பழையதாள் (திருநெல்வேலி டவுண்), ஞாயிறு மாலை 6:05

கல்லுல இல்ல, ஓலையில இல்ல, காகிதத்துலயும் இல்ல. பொறவு என்ன, பழக்கம்தான். பழக்கத்தை மாத்துதது எம்புட்டுக் கஷ்டம்னு எங்களை மாதிரி அச்சுக்கோத்த ஆளுங்களைக் கேளுங்க.

ஏ, ஓ-வுக்கு இன்னைக்கு இருக்க உருவம் வீரமாமுனிவர் குடுத்தது. இத்தாலிக்காரரு, நம்ம காமநாயக்கன்பட்டியில இருந்து ஊழியம் பாத்தவரு. ஒத்தைக் கொம்பு குறில், மேல ஒரு சுழி கூடுனா நெடில். கெ, கே. அவரு மாத்தி வச்சதை நாம பொறந்ததுலேருந்து அப்படியே இருந்த மாதிரி எழுதுதோம்.

அடுத்த மாத்தம் என் காலத்துலயே வந்துது. 1978 அக்டோபர்ல அரசாங்க உத்தரவு. பெரியார் 1935-லேருந்து பத்திரிகையில எழுதிக் காட்டுன சீர்திருத்தத்துல 13 எழுத்தை எம்.ஜி.ஆர். அரசு எடுத்துக்கிட்டுது. ணா, றா, னா. அதே மூணுக்கும் ஒகர ஓகாரம். ணை, லை, ளை, னை. அதுக்கு முந்தி இந்த நாலு ஐகாரத்துக்கும் தும்பிக்கை தூக்குன ஆனை மாதிரி முன்னால ஒரு கொம்பு நிக்கும். இப்ப இருக்க பிள்ளைங்க அதைப் பாத்தா இது என்ன மலையாளமான்னு கேக்கும்.

யோசிச்சுப் பாருங்க, 'பனையோலை'ன்னு எழுதுனா அதுலேயே ரெண்டு ஆனை. 'நெல்லை'ன்னு எழுதுனா ஒண்ணு. ஊரு பேரோட உருவமே ஒரு உத்தரவுல மாறிப்போச்சு, ஊருக்காரங்க ஒருத்தரும் சண்டைக்கு வரல.

நாங்கதான் கெடந்து முழிச்சோம். பழைய ஈய எழுத்து பெட்டி நெறைய கெடக்கு, அதைத் தூர எறிய மொதலாளிக்கு மனசு வரல. கொஞ்ச காலம் ரெண்டும் கலந்து ஓடுச்சு. ஒரு கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையோட ளை பழசு, பொண்ணு வீட்டு மதுரை ரை எப்பவும் போல, நெல்லையோட லை புதுசு. பொண்ணு வீட்டுக்காரரு வந்து, "என்னவே, மாப்பிள்ளைக்கு மட்டும் ஆனை, எங்களுக்கு ஒண்ணும் இல்லையா"ன்னு கேட்டாரு. வேடிக்கைக்குத்தான் கேட்டாரா, வம்புக்கான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மறு அச்சு போட்டுக் குடுத்தோம்.

சாரல், ஞாயிறு இரவு 8:50

ஊர்ப் பேரு உருவம் மாறினதுன்னதும் ஞாபகம் வருது. வெள்ளக்காரன் நம்ம ஊரை டின்னவேலின்னு எழுதினான்லா? ரயில் நிலையத்துலேருந்து அந்தப் பேரு போயாச்சு. மருந்துப் பெட்டியில மட்டும் இன்னும் நிக்கு. வெளிநாட்டுல இருக்க எங்க அத்தான் மருந்துக்கடையில ஒரு டப்பாவைப் படம் எடுத்து அனுப்பிச்சாரு: டின்னவேலி சென்னா. நம்ம நிலாவாரைதான். அரபு நாட்டுப் பக்கத்துச் செடி, நம்ம வெயிலுக்கும் மண்ணுக்கும் ஒத்துப்போய் இங்க வெள்ளாமை ஆகி, தூத்துக்குடி வழியா கப்பல் ஏறுச்சு. மருந்து நூல்கள்ல ரெண்டு ரகம் எழுதியிருப்பாங்க, ஒண்ணு அலெக்சாந்திரியா, இன்னொண்ணு டின்னவேலி.

எதுக்கு மருந்துன்னு சொல்லணுமா? மலச்சிக்கலுக்கு.

வடலி, ஞாயிறு இரவு 8:58

நாம அல்வாவைத் திங்கோம், உலகத்துக்குப் பேதி மருந்து அனுப்புதோம். நல்லா இருக்குடே.

பாசஞ்சர் (களக்காடு), திங்கள் காலை 6:30

புதுசா சேந்திருக்கேன், எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பேச்சைப் படிச்சதும் வீட்டுல அரங்குல கெடந்த ஓலைக்கட்டை எடுத்தேன். ரெண்டு பலகைக்கு நடுவுல கயிறு கோத்து வச்சிருக்கு. பாதி செல்லு அரிச்சுட்டுது. ஒரு ஓலையில எழுத்து தெரியுதேன்னு எழுத்துக் கூட்டிப் பாத்தேன். இடைவெளி எதுவும் கெடையாது. அப்படியே தாரேன்:

கீழககரடடுவயலஒருகொடடைவிதைபபரடுபனைஎடடு

அப்பாவுக்கும் புரியல. ஒரு கொட்டையை விதைச்சதுக்கு எதுக்கு ஓலையில எழுதி வைக்கணும்? யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க.

முடுக்கு, திங்கள் காலை 6:52

ஒரு கொட்டை விதைப்பாடு! பொறுப்பான விவசாயி.

தேரடி, திங்கள் காலை 9:10

பாசஞ்சர், முதலில் ஒரு வேண்டுகோள். ஓலையில் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள். ஈரத் துணியும் வேண்டாம். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். சுவடி பாதுகாக்கும் இடங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பயன்படுத்துவார்கள், அதை அவர்களே செய்யட்டும். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இப்போது படிப்போம். பழைய சுவடியில் ஒ, ஓ ஒன்று. ஆகவே அது கொட்டை அல்ல, கோட்டை. நெல் அளக்கும் நம்மூர்க் கோட்டைதான், 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு கோட்டை நெல் விதைக்கக்கூடிய பரப்புக்கு ஒரு கோட்டை விதைப்பாடு என்று பெயர். உங்கள் முன்னோர் கொஞ்சம் வசதியானவர்தான்.

அடுத்து, பழைய எழுத்தில் ர-வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். 'பரடு' என்று நீங்கள் எழுத்துக்கூட்டியது பாடு. விதைப்பாடு. இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் முதல் சொல்லில். 'கரடடு' என்பதைக் கரட்டு என்றும் படிக்கலாம், காட்டு என்றும் படிக்கலாம். கீழக்கரட்டு வயலா, கீழக்காட்டு வயலா? இரண்டும் நல்ல தமிழ். ஓலையை வைத்து மட்டும் என்னால் சொல்ல முடியாது.

குளத்தாங்கரை, திங்கள் காலை 9:40

கரடுன்னா பாறையும் முள்ளுமா கெடக்கிற குன்று. அதுக்கு அடியில வயல் இருக்கத்தான் செய்யும். களக்காட்டுப் பக்கம் பாறைக்கா பஞ்சம்? கரட்டு வயலுக்கே என் ஓட்டு.

வடலி, திங்கள் காலை 10:15

குளத்தாங்கரை அண்ணாச்சி, நீங்க நாங்குநேரியில இருந்துக்கிட்டு இப்படிச் சொல்லலாமா? நம்ம பக்கம் எவன் கரடுன்னு சொல்லுதான்? பொத்தைன்னுதான் சொல்லுவோம். கரடெல்லாம் மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சு. களக்காட்டுல அந்த ஓலையை எழுதுன ஆளு குன்றைச் சொல்ல நினைச்சிருந்தா கீழப்பொத்தை வயல்னுதான் கீறியிருப்பாரு. அது காட்டு வயல்.

குளத்தாங்கரை, திங்கள் காலை 10:21

சரி, அடங்கிட்டேன்.

தேரடி, திங்கள் காலை 10:50

வடலித் தம்பிக்கு ஒரு சபாஷ். இலக்கணம் படித்தவர்கள் தடுமாறுகிற இடத்தில் ஊர்ப்பேச்சு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதனால்தான் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நீங்கள் படித்தது கணக்கு ஓலை. அவர் இதே எழுத்தில், யாரும் பேசி நூற்றாண்டுகள் ஆன சொற்களைப் படித்தார். பத்துப்பாட்டுச் சுவடி தேடி எங்கள் ஆழ்வார்திருநகரிக்கும் வந்திருக்கிறார், நல்ல பிரதி இங்கே கிடைத்தது என்பதில் எங்கள் தெருவுக்கு இன்றைக்கும் பெருமை. அதே பயணக் கதைகளில் கரிவலம்வந்தநல்லூரும் வரும். வரகுணபாண்டியர் (அம்பாசமுத்திரம் கல்வெட்டுக்காரர் அல்ல, பிற்காலத்தவர்) சேர்த்த ஏடுகள் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டாராம். பழைய ஏடுகள் மக்கிக் கிடந்தன, ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்றார்களாம். சங்கரன்கோவில் தாண்டி ராஜபாளையம் போகும் வழியில் அந்த ஊர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஓலை கிழியுமா என்று நாம் இரண்டு நாளாகப் பேசுகிறோம். கிழிந்து போனதைவிட நெய்யில் போனது அதிகமோ என்னவோ.

கடலோரம், திங்கள் மதியம் 12:05

எரிக்கலைன்னாலும் நம்ம வெக்கையிலயும் செல்லுலயும் ஓலை சில நூறு வருசம்தான் தாங்கும். திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தவங்க புண்ணியத்துலதான் எல்லாம் நம்ம கைக்கு வந்து சேந்திருக்கு. பேரு தெரியாத ஆளுங்க.

குளத்தாங்கரை, திங்கள் மதியம் 12:30

ஓலையைக் கீறாம, வேகவைக்காம பயன்படுத்துத ஒரு ஆளு இருக்கான், அவனையும் சொல்லிருதேன். பனை உழவாரன். சாம்பல் நெறத்துல, கத்தி மாதிரி றெக்கை. தரையில ஒக்காந்து யாரும் பாத்திருக்க மாட்டீங்க, பறந்துக்கிட்டேதான் இரை பிடிக்கும். பஞ்சு, இறகு எல்லாத்தையும் தன் எச்சிலாலேயே ஒட்டி, தொங்குத பனையோலைக்கு அடிப்பக்கத்துல கிண்ணம் மாதிரி சின்னதா கூடு கட்டும். ஆடிக்காத்துல ஓலை பேயாட்டம் ஆடுனாலும் கூடு விழாது. எங்க குளக்கரையில நாலஞ்சு பனை நிக்கு, சாயங்காலமானா ஓலைக்கு ஓலை கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். பனையை வெட்டுனா அது தென்னைக்குப் போயிரும்னு சிலர் சொல்லுதாங்க. போகும்தான். ஆனா பழைய காவோலை கழிக்காம தொங்குத பனைதான் அதுக்குச் சொகம்.

முடுக்கு, திங்கள் மதியம் 12:48

பாசஞ்சர், கடைசி வார்த்தையை எல்லாரும் விட்டுட்டாங்க. பனைஎடடு. எ-வும் ஏ-வும் ஒண்ணுன்னு டீச்சரக்கா சொல்லியாச்சு. எட்டு பனைன்னும் படிக்கலாம், பனை ஏட்டுன்னும் படிக்கலாம். அந்தக் காலத்துலேயே பனைக்குக் காவலா ஏட்டையாவைப் போட்டிருந்தாங்களோ?

பாசஞ்சர், திங்கள் மாலை 5:20

ஆபீஸ்ல ஒக்காந்து சிரிச்சுத் தொலைச்சேன் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் பாத்தேன். எடடு முடிஞ்சு கொஞ்சம் தள்ளி அ-ன்னு ஒரு எழுத்து தனியா நிக்கு. அதுக்குப் பொறவு ஓலை செல்லரிச்சுட்டுது. அடுத்த வார்த்தை அ-வுல தொடங்கியிருக்குமோ?

தேரடி, திங்கள் மாலை 5:45

அது அ அல்ல, ௮. தமிழ் எண். எழுத்தால் எழுதிவிட்டுப் பக்கத்தில் எண்ணாலும் போட்டிருக்கிறார், இன்று காசோலையில் நாம் செய்வதுபோல. எட்டுப் பனை. ஏட்டையாவை முடுக்கு திரும்ப ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடலாம்.

பாசஞ்சர், திங்கள் மாலை 6:02

அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். கீழக்காடுன்ன உடனே எடத்தைச் சொல்லிட்டாவ. அவியளுக்குப் பேரு தெரியும், எழுத்துதான் தெரியல. இப்ப அங்க கல்லு நட்டு பிளாட்டு போட்டாச்சாம். ரோட்டோரமா ரெண்டு பனை மட்டும் நிக்காம்.

வடலி, திங்கள் மாலை 6:10

அந்த ரெண்டும் இந்த எட்டுல உள்ளதான்னு கேட்டுராதீங்க. பனைக்கு மத்த மரம் மாதிரி வளையம் கெடையாது, வெட்டிப் பாத்தாலும் வயசு சொல்ல முடியாது. காயா, பாளையான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. காய்ச்சா பொம்பளைப் பனை. கோடையில நுங்குக்கு நான் ஆள் அனுப்புதேன்.

பாசஞ்சர், திங்கள் மாலை 6:14

பிளாட்டுக்காரன் விடுவானா?

வடலி, திங்கள் மாலை 6:15

ஓலையைக் காட்டுங்க.